முழுகாமல் இருந்த நிழல்

எங்க தெருவுல ஒரு நிழல் முழுகாம இருந்துச்சு. நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க எந்திரிச்சுப் போய்ச் சோலியைப் பாருங்க, யாரையும் கையைப் பிடிச்சு இழுத்து உட்கார வச்சு நான் இதைச் சொல்லலை. நான் கண்ணால பார்த்தவ. பார்த்ததோட போகலை, அந்த நிழலுக்கு வளையல் போட்டவள்ல நானும் ஒருத்தி. அதனால இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சொல்லாம இருந்தா நெஞ்சை அடைக்கவும் செய்யுது.

மதுரையில அப்பளத் தெருன்னு கேட்டா ஆட்டோக்காரங்க எங்க தெருவுலதான் கொண்டாந்து விடுவாங்க. வீட்டுக்கு வீடு முற்றம், முற்றத்துல சிமெண்டுத் தளம், தளத்துல வெள்ளைத் துணி, துணி நிறைய வட்ட வட்டமா அப்பளம். வெயில் அடிச்சா எங்களுக்குச் சோறு, மழை பெஞ்சா வானத்துக்கு எங்க வாயால வசவு. அதுல பெரிய தளம் அங்கம்மா பெரியம்மாவோடது. சொந்தப் பெரியம்மா இல்ல, என் வீட்டுக்கு எதுத்த வீடு, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகின முறை. அங்க நாங்க எட்டுப் பொம்பளைங்க உளுந்த மாவை இடிச்சு, உருட்டி, நூலால துண்டு போட்டு, தேய்ச்சுத் தேய்ச்சுக் குடுப்போம். பெரியம்மாவோட ஒத்த மகன் ராஜவேல் காஞ்ச அப்பளத்தைக் கட்டுக் கட்டி வண்டியில வச்சுக் கடை கடையாப் போட்டுட்டு வருவான். ராஜவேலுக்குக் கோயில்பட்டியில இருந்து கட்டிட்டு வந்தவதான் செண்பகவல்லி. கல்யாணம் முடிஞ்சு ஒம்பது வருசம். பிள்ளை இல்ல.

பிள்ளை இல்லன்னு நான் ரெண்டு சொல்லுல சொல்லிட்டேன். அந்த ரெண்டு சொல்லைத் தூக்கிக்கிட்டு அவ ஏறாத கோயில் இல்ல, கட்டாத தொட்டில் இல்ல, ஈரச் சேலையோட உருளாத பிரகாரம் இல்ல, வெறும் வயித்துல முழுங்காத பச்சிலை இல்ல. காது குத்துக்குப் போனா பின் வரிசை, சீமந்தத்துக்குப் போனா அடுப்படி, பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போனா வாசப்படி. போற வர்றவளெல்லாம், ஏண்டி செண்பகம், விசேஷம் ஏதும் உண்டான்னு கேப்பா, பால் ஊத்துறவ கேப்பா, பூ விக்கிறவ கேப்பா, ரேசன் கடை வரிசையில முன்னப் பின்னத் தெரியாதவ கேப்பா, அவ எல்லாத்துக்கும் உதட்டை மூடிக்கிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பா. நானும் கேட்டிருக்கேன். மூணு பெத்தவங்கிற திமிர்ல கேட்டிருக்கேன், இப்ப அதை நினைச்சா என் வாயில நானே போட்டுக்கலாம்னு வருது.

அங்கம்மா பெரியம்மா தளத்துல ஒரு சட்டம் உண்டு. தினம் இடிக்கிற மாவுல முதல் உருண்டையைப் பிள்ளை பெத்தவ கைதான் தொடணும், இல்லாட்டி எண்ணெயில போட்டா அப்பளம் பொங்காதாம். அதனால மருமகளை மாவுப் பக்கமே சேர்க்காது. "நீ வெயிலைப் பாரும்மா," அப்படின்னு சொல்லும். கூட நாலு சொல்லு வசவாச் சொல்லியிருந்தாக்கூட அவளுக்குத் தேவலையா இருந்திருக்கும். நாங்க எட்டுப் பேரும் தகரக் கொட்டகைக்குள்ள நிழல்ல உட்கார்ந்து வம்பு பேசிக்கிட்டே தேய்ப்போம், அவ ஒருத்தி மட்டும் வெளிய, காலையில விரிக்கிறதும், மதியம் புரட்டுறதும், சாயங்காலம் அள்ளுறதுமா, ஒம்பது வருசம் வெயிலுக்கும் தளத்துக்கும் நடுவுல நின்னா. பேசுறதுக்கு அவளுக்கு அங்க அவ நிழல்தான் இருந்துச்சு.

அன்னைக்குப் பங்குனி மாசம், நாலு மணி இருக்கும். அப்பளம் அள்ளக் குனிஞ்சிருந்தவ நிமிர்ந்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. வெயில் சாஞ்சு, அவ நிழல் தளத்துல நீளமா விழுந்துச்சு. நான் தண்ணி குடிக்க வெளிய வந்தவ பார்க்குறேன், நிழலுக்கு வயிறு தள்ளியிருக்கு. சேலைக் கொசுவமா இருக்கும்னு அவளைப் பார்த்தேன். அவ வயிறு பலகை கணக்கா இருக்கு. மறுபடி கீழ பார்த்தேன். நாலு மாசம் சொல்லலாம்.

"அடியாத்தி! பெரியம்மா, இங்க வாங்களேன்!"

பெரியம்மா வந்துச்சு. கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டுப் பார்த்துச்சு. மருமகளைச் சுத்தி வந்து அந்தப் பக்கமிருந்தும் பார்த்துச்சு. மயக்கம் போட்டுச்சா, இல்ல பேய் பிசாசுன்னு கத்துச்சா? ஒண்ணும் இல்ல. தளத்துல மண்டி போட்டு உட்கார்ந்து, நிழலோட வயித்து மேல கையை வச்சு, கண்ணு கலங்கி, "ஏன் ஆத்தா இவ்வளவு நாள் சொல்லலை?" அப்படின்னு கேட்டுச்சு. நிழல்கிட்டத்தான் கேட்டுச்சு. செண்பகம் பதில் சொல்ல வாயைத் திறந்தா. "நீ ஆடாம நில்லும்மா," அப்படின்னு சொல்லிருச்சு.

பொழுது சாயறதுக்குள்ள தெருவே வந்து பார்த்துட்டுப் போயிருச்சு. இது எப்படி, ஏது, எங்கயாவது நடக்குமான்னு ஒரு ஆள் கேக்கணுமே! ஒருத்தரும் கேக்கலை. எத்தனை மாசம்னு கேட்டாங்க. வயிறு கூர்ந்திருந்தா ஆம்பளைப் பிள்ளை, பரந்திருந்தா பொம்பளைப் பிள்ளைன்னு அடிச்சுக்கிட்டாங்க. காலையில கூர்ந்து தெரிஞ்ச வயிறு சாயங்காலம் பரந்து தெரியவும், ரெண்டு கட்சியும் அவங்கவங்க சொன்னதே சரின்னு சாதிச்சாங்க. கூடத்துல ரெண்டு பக்கமும் டியூப் லைட்டைப் போட்டப்ப செவுத்துக்கு ஒண்ணா ரெண்டு நிழலு, ரெண்டுக்கும் வயிறு. அதைப் பார்த்துப் பெரியம்மாவுக்குக் கை கால் ஓடலை. "ரெட்டைப் பிள்ளைடி சுப்புத்தாயி!" அப்படின்னு என் தோளைப் போட்டு உலுக்கி எடுத்துருச்சு. மீனாட்சி சத்தியமா, எனக்கும் அப்ப சந்தோசம்தான்.

அப்புறம் தெருவுல ஒவ்வொரு வழக்கமா உண்டாச்சு. உச்சி வெயில்ல நிழலு குறுகிக் காலடிக்குள்ள போயிரும், பிள்ளை நசுங்கிரும்னு பதினோரு மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் செண்பகம் வெளிய வரக் கூடாதுன்னு ஆச்சு. அவ நடந்து போனா நிழலை யாரும் மிதிக்கக் கூடாது, விளையாடுற பிள்ளைக நாலு அடி தள்ளித்தான் ஓடணும், தண்ணி லாரிக்காரனே வண்டியை நிறுத்தி, நிழல் ரோட்டைக் கடந்த பிறகுதான் எடுப்பான். வர்றவ போறவ மாங்காய் கொண்டாந்து நிழலோட வாய்க்கிட்ட தரையில வைப்பா. பெரியம்மா சாயங்காலமானா அவளை முற்றத்துல நிக்க வச்சு, நிழலோட காலை, அதாவது சிமெண்டுத் தரையை, அரை மணி நேரம் அமுக்கி விடும். அந்த ஒரு காரியத்துல பெரியம்மாவோட கையில இருந்த பதனத்தை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல. தொழில்லதான் ஒரு கோளாறு. நிழலோட வயிறு விழுந்த இடத்துல அப்பளம் எவ்வளவு நேரம் கிடந்தாலும் காயலை. அதையும் பெரியம்மா, பிள்ளை குளிர்ச்சியா இருக்குதுன்னு சந்தோசமா எடுத்து ஓரமா வச்சுக்கிச்சு.

ஸ்கேன் எடுக்கவும் போனோம். டாக்டரம்மா செண்பகத்தைப் படுக்க வச்சு வயித்துல பசையைத் தடவிப் பார்த்துட்டு, இங்க ஒண்ணும் இல்லையேம்மான்னு சொன்னாங்க.

"அங்க ஏம்மா பார்க்குறீங்க? கீழ பாருங்க," அப்படின்னு பெரியம்மா கட்டிலுக்கு அடியில கையைக் காட்டுச்சு.

டாக்டரம்மா குனிஞ்சு பார்த்தாங்க. கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அவங்க வீட்டுலயும் ஒரு மாமியார் இருக்கும்போல, இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் குடுத்துட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா அந்த மாத்திரையைப் பொடிச்சுத் தண்ணியில கரைச்சு, நிழலு வாயில ஊத்துச்சு. தளம் குடிச்சுக்கிச்சு. அன்னைக்குக் காலையில இருந்து பட்டினியா வந்த செண்பகம், திரும்பி வர்ற வழியில பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டே என் மேல சாஞ்சா. நான் என்னமோ அவளைச் சாய விடாம நிமிர்த்தி நிறுத்தினேன். நிழலு நெரிபட்டுருமேன்னு.

இதுல ஒண்ணு கவனிச்சீங்களா? ஒம்பது வருசமா விசேஷம் உண்டா, விசேஷம் உண்டான்னு அவளைக் குடைஞ்ச வாயெல்லாம் அடைச்சுப் போச்சு. இனி அவ பாடு நிம்மதின்னுதான் நானும் நினைச்சேன். ஆனா கேள்வியோட சேர்த்துப் பேச்சும் நின்னு போச்சு. ஒருத்தியும் அவ மூஞ்சியைப் பார்த்துப் பேசுறதில்ல. வர்றவ தரையைப் பார்ப்பா, தரைகிட்ட சிரிப்பா, தரைகிட்டப் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போவா. அவ தலைவாராம வந்தாலும் தெரியாது, காய்ச்சலோட வந்தாலும் தெரியாது. கொடிக்கம்பத்தை எவ நலம் விசாரிக்கிறா?

அஞ்சாம் மாசம் நடக்குறப்ப, ஒருநாள் மத்தியானம், கொட்டகையில எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. அவளை வெளிய விடாம பார்த்துக்கச் சொல்லி என்னைக் காவல் வச்சிருந்தாங்க. அவ மாவு இடிக்கிற உரல் மேல உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தா. சத்தமே இல்ல, கண்ணுல இருந்து தண்ணி மட்டும் வருது.

"என்னடி, இந்த நேரத்துல போய் அழலாமா? நிழலுக்கு ஆகாது," அப்படின்னேன். பாருங்க, எனக்கும் நிழல் நினைப்புதான்.

"மதினி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயாவது சொல்லலைன்னா அது நடக்கவே இல்லன்னு ஆயிரும்போல இருக்கு."

"சொல்லு."

"குறை எனக்கு இல்ல, அவருக்கு."

நான் நூலைக் கீழ வச்சுட்டேன். அவ சொன்னா. மூணு வருசத்துக்கு முன்னாடி ரெண்டு பேருமா ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க, வீட்டுக்குத் தெரியாம. ரெண்டு பேருக்கும் பரிசோதனை. டாக்டரு ரிப்போர்ட்டைப் பிரிச்சு வச்சு, உங்க சம்சாரத்துக்கு எல்லாம் நல்லா இருக்குது தம்பி, உங்களுக்குத்தான் அணுவே இல்லைன்னு சொல்லியிருக்காரு. ராஜவேலு பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்து, அத்தனை பேருக்கு முன்னாடி, பிள்ளை மாதிரித் தேம்பியிருக்கான். அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் செத்துருவேன் செண்பகம்னு இருக்கான். இவ அவன் கண்ணைத் துடைச்சு விட்டு, எனக்குத்தான் குறைன்னு சொல்லிக்கிறேன், நான்தான் ஏற்கனவே கேட்டுப் பழகிட்டேனேன்னு சொல்லியிருக்கா.

"அதுக்கப்புறம் யார் என்னைய என்ன சொன்னாலும் அவரு ஒரு பார்வை பார்ப்பாரு மதினி. அத்தை மாவைத் தொட விடாதப்ப, வரிசையில பின்னாடி போகச் சொல்றப்ப, கூட்டத்துல எங்கயிருந்தாலும் என்னைய ஒரு பார்வை பார்ப்பாரு. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அப்படிங்கிற மாதிரி. அது எனக்குப் போதும். அதை வச்சுத்தான் இருந்தேன்."

"இப்ப?"

"நிழல் உண்டான அன்னைக்கிருந்து அவரு என்னையப் பார்க்கவே இல்ல. நேத்துக் கேட்டேன், ஏங்க, அந்த ரிப்போர்ட்டை மறந்துட்டீங்களான்னு. எந்த ரிப்போர்ட்டுன்னு கேட்டாரு. பொய் சொல்ற மூஞ்சி எனக்குத் தெரியும் மதினி. அது பொய் சொல்ற மூஞ்சி இல்ல. நெசமாவே எந்த ரிப்போர்ட்டுன்னு கேட்டாரு."

ராஜவேலை நானும்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். மீசையை முறுக்கி விட்டிருந்தான். டீக்கடையில, எப்படி மாப்ளே சாதிச்சன்னு கேட்டா, எல்லாம் அமையணும்ல மச்சான்னு சொல்லிச் சிரிப்பான். முன்னெல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வண்டியில போனவன், இப்ப தெருமுனையில இறங்கித் தள்ளிக்கிட்டு வர்றான், நாலு பேரு விசாரிக்கட்டும்னு. சாயங்காலம் முற்றத்துக்கு வந்தா அவளுக்குப் பின்னாடி நின்னு, அவன் நிழலோட கை அந்த நிழலு வயித்து மேல படுற மாதிரி நீட்டிக்கிட்டு நிப்பான். அவளுக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு முழம் இருக்கும். அந்த ஒரு முழத்துக்குள்ள அவ மூஞ்சி என்னமா இருந்துச்சுன்னு பார்த்தவ நான் ஒருத்திதான். பார்த்து என்ன செஞ்சேன்? அப்பளம் தேய்ச்சேன்.

ஏழாம் மாசம் வளைகாப்பு. நல்ல நேரத்தை விட, நல்ல நிழல் விழுற நேரம்தான் முக்கியம்னு சாயங்காலம் நாலரைக்கு வச்சாங்க. முற்றத்துல அப்பளத்தையெல்லாம் அள்ளிட்டு, தளத்தைக் கழுவி, கோலம் போட்டு, ஏழு வகைச் சாதத்தைச் சுத்தி வச்சு, தெருவுல ஒரு பொம்பளை பாக்கியில்லாம வந்து நின்னாச்சு. மேற்கே பார்த்து செண்பகத்தை நிறுத்தி, ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டச் சொன்னாங்க, நிழலுக்குக் கை வேணுமில்ல? ஒருத்தி ஒருத்தியா அவளுக்குப் பின்னாடி வந்து குனிஞ்சு, நிழலோட கன்னத்துல சந்தனம் பூசி, நெத்தியில குங்குமம் வச்சு, மணிக்கட்டு விழுந்த இடத்துல வளையலை அடுக்கினா. பச்சையும் சிவப்புமா கண்ணாடி வளையல், தளத்துல வரிசையா ஏறுது. செண்பகத்தோட கையில ஒண்ணு இல்ல. நடுவுல அவ கை வலி தாங்காம கொஞ்சம் இறங்கிருச்சு. "ஏய், ஆட்டாத! வளையல் கலைஞ்சு போச்சு பாரு!" அப்படின்னு பத்து வாய் கத்துச்சு.

என் முறை வந்துச்சு. கையில ரெண்டு வளையல் வச்சிருந்தேன், அரக்குச் சிவப்பு, நானே போய்ப் பார்த்து வாங்குனது. மனசுக்குள்ள ஒண்ணு நினைச்சிருந்தேன், யார் என்ன சொன்னாலும் சரி, நேராப் போய் இதை அவ கையில போட்டு விடணும்னு. அவ முன்னாடி போய் நின்னேன். அவ என்னையப் பார்த்தா. பெரியம்மா, என்ன சுப்புத்தாயி, வழி தெரியலையான்னு கேட்டுச்சு. அவ்வளவுதான், நான் சுத்தி வந்து, குனிஞ்சு, எல்லாரையும் மாதிரித் தரையில வச்சுட்டு வந்துட்டேன். நான் எல்லாம் தெரிஞ்சவ. அதை நினைச்சா இன்னைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

கடைசியா ராஜவேலைக் கூப்பிட்டாங்க, புருசன் சந்தனம் பூசணும்ல. பட்டு வேட்டியில வந்தான். அவளைத் தாண்டிப் போய் நிழலுக்குப் பக்கத்துல உட்கார்ந்தான். அப்ப அவ, கையை நீட்டினபடியே, திரும்பாம, "என்னங்க," அப்படின்னா.

"ம்?"

"என்னைய ஒருக்கா பாருங்களேன்."

அவன், இரு இரு, நேரம் போகுதுன்னுட்டுச் சந்தனத்தைக் குழைச்சான். அவ கையைக் கீழ போட்டா. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கிட்டு, யாரையும் பார்க்காம, விறுவிறுன்னு நடந்து தகரக் கொட்டகைக்குள்ள போயிட்டா.

கொட்டகைக்குள்ள வெயில் வராது. தளத்துல நிழல் இல்ல. வளையல் மட்டும் ரெண்டு வரிசையா கிடந்துச்சு, சந்தனம் சும்மா சிமெண்டுல பூசியிருந்துச்சு. எழும்புச்சு பாருங்க ஒரு ஓலம். ஐயோ பிள்ளைத்தாச்சி, ஐயோ கொலைகாரி, வெளிய வாடின்னு அத்தனை பேரும் கத்த, பெரியம்மா வயித்துல அடிச்சுக்க, ராஜவேலு எந்திரிச்சு உள்ள ஓடினான். நான் வாசல்ல நின்னேன். ரெண்டு பேரு பேசுனதும் எனக்குக் கேட்டுச்சு.

"செண்பகம், வெளிய வா. உன் கால்ல வேணாலும் விழறேன். பிள்ளைக்கு ஏதாவது ஆயிரப் போகுது."

"வர்றேன். ஆனா நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதை ஒரு தடவை சொல்லுங்க. ஊருக்கு முன்னாடி வேணாம், அத்தைக்கு முன்னாடி வேணாம். என் காதுல சொன்னாப் போதும். சொல்லிட்டீங்கன்னா பிரசவம் வரைக்கும் கை வலிச்சாலும் நிக்கிறேன், அதுக்கப்புறமும் நிக்கிறேன்."

அவன் அவ கிட்டக்கப் போனான். குனிஞ்சான்கூட. சொல்லித் தொலைடா, சொல்லித் தொலைடான்னு வாய்க்குள்ளேயே சொல்லிக்கிட்டேன். வெளிய அவங்கம்மா, ராஜா, ராஜான்னு கூப்பிட்டுச்சு. அவன் நிமிர்ந்துட்டான்.

"எனக்கு என்ன தெரியும்? எதை எதையோ மனசுல வச்சுக்கிட்டுப் பேசுற. வா, பிள்ளை வெளிய காத்துக்கிட்டிருக்கு."

அவ தலையை ஆட்டினா. கோவமா ஒண்ணும் இல்ல, ரொம்ப நேரம் நின்ன வரிசையில கடைசியா இல்லைன்னு சொல்லிட்டா ஆட்டுவோமே, அப்படி. "நீங்க போங்க," அப்படின்னா.

அந்த நேரத்துக்கு முற்றத்துல ஒரு குலவைச் சத்தம். திரும்பிப் பார்த்தா, ஆள் இல்லாமலே தளத்துல நிழல் வந்து விழுந்திருக்கு. வயிறும், நீட்டின கையும், கையில வளையலுமா அம்சமா கிடக்கு. "வந்துட்டா! பிள்ளைத்தாச்சி வந்துட்டா!" அப்படின்னு தெருவே அதைச் சுத்திக்கிருச்சு. ராஜவேலும் ஓடினான். கொட்டகைப் பக்கம் ஒரு ஆள் திரும்பிப் பார்க்கலை. செண்பகம் பின்வாசல் கதவைத் திறந்து சந்துல இறங்கினா. சந்துல நல்ல மஞ்ச வெயில். அவ நடந்து போறா, கீழ ஒண்ணுமே விழலை, வெறும் தரை. செண்பகம்னு கூப்பிட வாய் வந்துச்சு. கூப்பிட்டா எல்லாரும் திரும்புவாங்களேன்னு கூப்பிடலை. அதுவும் சாக்குதான், எனக்குப் பயம்.

ஆறரைக்குப் பொழுது அடைஞ்சது. நிழல் நீண்டுக்கிட்டே போய், மங்கி, தளத்தோட தளமாப் போயிருச்சு. டியூப் லைட்டைக் கொண்டாந்து பிடிச்சாங்க, டார்ச்சு அடிச்சாங்க, விழுறதுக்கு ஆள் இல்லாம நிழல் எப்படி விழும்? அப்பத்தான் ஒருத்தி, செண்பகத்தை எங்கன்னு கேட்டா. மறுநாள் காலையில வெயிலு வந்துச்சு, நிழல் வரலை. அந்த இடத்துல போடுற அப்பளம் மட்டும் இன்னைக்கும் காயாது. கோயில்பட்டிக்குப் போன் போட்டாங்க. அவ அண்ணன் வீட்டுக்கு அவ போகலை.

நாலாம் நாளு ராஜவேலுக்கு ரிப்போர்ட்டு ஞாபகம் வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. காலையில நாங்க எட்டுப் பேரும் மாவு இடிச்சுக்கிட்டிருக்கோம், முற்றத்துக்கு வந்து நடுவுல நின்னு, "குறை எனக்குத்தான். அவளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் அணு இல்ல," அப்படின்னு சத்தமாச் சொன்னான். உலக்கை நின்னுச்சு. பெரியம்மா வந்து மகன் வாயைப் பொத்துச்சு. அவன் கையைத் தள்ளிட்டுத் தெருவுல இறங்கி, பால்காரன்கிட்ட, பூக்காரம்மாகிட்ட, டீக்கடையில, ரேசன் கடை வரிசையிலன்னு ஒவ்வொரு ஆளா நிறுத்திச் சொன்னான்.

ஒரு ஆள் நம்பலை! நிழலு முழுகாம இருந்ததை அப்படியே வாங்கிக்கிட்ட தெரு, நிழலு கைக்கு வளையல் அடுக்குன தெரு, ஒரு ஆம்பளைக்குக் குறை இருக்கும்னு சொன்னா நம்ப மாட்டேங்குது. பாவம், பொண்டாட்டி பிள்ளையையும் கொண்டுக்கிட்டு ஓடிட்டா, பையனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னாங்க. நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, அவன் சொல்றது நெசந்தான், எனக்குத் தெரியும்னு சொன்னேன். ஏழு பொம்பளைங்களும் என்னைய ஏற இறங்கப் பார்த்தாளுக. "உனக்கெப்படிடி தெரியும்?" அப்படின்னு ஒருத்தி இழுத்தா. ஏண்டி, உன் நாக்குல புழு வைக்கன்னு நான் உலக்கையை ஓங்கிட்டேன், அப்புறம் அந்தப் பேச்சே அங்க வரலை. பெரியம்மா வேப்பிலை அடிக்க ஆள் கூட்டிட்டு வந்துச்சு. அடுத்த மாசமே தரகரு ஒரு பொண்ணு போட்டோவோட வந்தாரு. ராஜவேலு அவர்கிட்டயும் சொன்னான். அதெல்லாம் வர்ற மகராசி ராசியில சரியாப் போயிரும் தம்பின்னு அவரு காபியைக் குடிச்சுட்டுப் போனாரு.

ஐப்பசியில ஒருநாள் மத்தியானம் எனக்கு ஒரு போன். தெரியாத நம்பரு. "மதினி, நான்தான்."

எங்க இருக்கடின்னேன். சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து ஹாஸ்டல்ல சமைக்கிறாளாம். நிழல் இல்லாம எப்படிடி, யாரும் ஒண்ணும் கேக்கலையான்னேன். "இங்க யாரும் கீழ பார்க்குறதில்ல மதினி. உப்பு சரியா இருக்கான்னு மட்டும்தான் பார்க்குறாங்க." சொல்லிட்டுச் சிரிச்சா. அவ வாயைத் திறந்து சிரிச்சு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் மூச்சு விடாமச் சொன்னேன், ராஜவேலு தெருவுக்கே சொல்லிட்டான்டி, பால்காரன் முதக்கொண்டு சொல்லிட்டான், அவனைப் பைத்தியக்காரன்னு சொல்றாங்க, அப்பவும் விடாமச் சொல்லிக்கிட்டிருக்கான்டின்னு. அந்தப் பக்கம் பாத்திரம் விளக்குற சத்தம் மட்டும் தூரத்துல கேட்டுச்சு.

"ஊருக்குச் சொன்னாரா?"

"ஊருக்கேடி!"

"என்கிட்டச் சொல்லலையே மதினி."

நான் மாடியில நின்னுக்கிட்டிருந்தேன். எதுத்த முற்றத்துல அவன்தான், உச்சி வெயில்ல, ஒத்தையில, குனிஞ்சு அப்பளத்தைப் புரட்டிக்கிட்டிருந்தான். அவ போனதுக்கப்புறம் அந்த வேலையை அவனே எடுத்துக்கிட்டான், அம்மா சொல்லியும் கேக்குறதில்ல. "இங்கதான் இருக்கான், குடுக்கட்டுமா?" அப்படின்னேன்.

அவ யோசிச்சா. "குடுங்க," அப்படின்னா.

படியில தாவி இறங்கி, செருப்புக்கூட இல்லாம தெருவைக் கடந்து ஓடினேன். போனை அவன் காதுல வச்சு, "செண்பகம்டா. சொல்லு," அப்படின்னேன். அவன் மூஞ்சி அப்படியே வெளிறிப் போச்சு. ரெண்டு கையாலயும் போனைப் பிடிச்சுக்கிட்டான். பக்கத்துல யாரும் இல்ல, அவங்கம்மா தூங்குது, கொட்டகையில பொம்பளைங்க சாப்பிடப் போயிட்டாங்க. நானும் பத்து அடி தள்ளிப் போய்த் திரும்பி நின்னுக்கிட்டேன். ஊரெல்லாம் கூவின சொல்லு, ஒரே ஒரு காதுக்குப் போக வேண்டிய சொல்லு. அவன் தொண்டையைச் செருமினான்.

"அம்மாவுக்கு முட்டி வலி ஜாஸ்தியா இருக்கு," அப்படின்னான். "நீ எப்ப வர்ற?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவ இன்னும் லைன்ல இருந்தா, அவன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுச்சு, அவன் சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருந்தா. அவன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். அப்புறம் போனைக் காதுல இருந்து எடுத்துப் பார்த்துட்டு என்கிட்டக் குடுத்தான்.

"வச்சுட்டா அக்கா," அப்படின்னான். குனிஞ்சு விட்ட இடத்துல இருந்து அப்பளத்தைப் புரட்ட ஆரம்பிச்சான்.